பள்ளி முடிந்தது: யாருக்குக் கொண்டாட்டம்?

மார்ச் மாதக் கடைசியில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிகிறது. அன்று மாலை தொடங்கி ஒரு வார காலத்துக்குச் சீமான்களின் பத்திரிகைகளுக்கும் கைபேசிப் படங்களுக்கும் வேறு சங்கதியே கிடையாது. பையன்கள் சட்டையில் மை தெளித்தார்கள், பெண்கள் சேலை கட்டிக்கொண்டு ஆடினார்கள், ஏதோ ஓர் ஊரில் மேசையை உடைத்தார்கள் என்று ஒரே ஒப்பாரி! கலாசாரம் செத்தது, ஒழுக்கம் ஓடிற்று என்று மேதாவிகள் கண்ணீர் வடிக்கிறார்கள். பள்ளி வாசலில் போலீஸ்காரரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழனை நாளை முதல் பார்க்க முடியாதே என்று பதினேழு வயதுப் பிள்ளை ஒரு கூச்சல் போட்டால் அதற்கு லத்தியா பதில்?

நம் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேசை உடைப்பதை நாம் ஆதரிக்கவில்லை. அந்த மேசை நம் வரிப்பணம். அடுத்த வருஷம் அதில் உட்காரப்போவது நம் தம்பி, நம் தங்கை. ஆனால் கொண்டாட்டத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை ஒரு நாள் பாடட்டும், ஆடட்டும், அழட்டும். நாம் கேட்பது வேறு. அந்த நாள் யாருடைய பிள்ளைக்குக் கிடைக்கிறது? யாருடைய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை? கிடைக்காத பிள்ளை அன்று எங்கே போகிறது? ஒழுக்கத்துக்காக அழுகிற புண்ணியவான்கள் இந்தக் கேள்வியின் பக்கமே வருவதில்லை.

பெரிய பட்டணங்களின் பணக்காரப் பள்ளிகள் சிலவற்றில் இப்போது 'பிராம் நைட்' என்று ஒன்று வந்திருக்கிறது. நட்சத்திர ஓட்டலில் மண்டபம். பையனுக்குக் கோட்டு, பெண்ணுக்குத் தரையைக் கூட்டும் கவுன். வண்ண விளக்கு, ஆட்டம், விருந்து, போட்டோ. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். இது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு. இறக்குமதி செய்தவர்கள் அந்தச் சரக்கின் சரித்திரத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் கடைசி இரவில் மட்டும் தனித்தனி மண்டபத்தில் ஆடினார்கள். பள்ளி நடத்தினால் எல்லோரையும் சேர்க்க வேண்டுமே! ஆகவே பெற்றோர்கள் 'சொந்த விருந்து' என்று பெயர் வைத்து நிறத்துக்கு ஒன்றாக நடத்தினார்கள். இது என்றோ நடந்த அடிமைக் காலத்துக் கதை அல்ல. ஜார்ஜியா மாகாணத்து வில்காக்ஸ் வட்டத்தில் வெள்ளையும் கறுப்புமான தோழிகள் நால்வர் சேர்ந்து, காசு வசூலித்து, எல்லோருக்கும் பொதுவான முதல் நடன விழாவை நடத்தியது 2013ஆம் வருஷத்தில்! அந்த நான்கு பெண்களுக்கு நாம் வணக்கம் சொல்கிறோம். காப்பியடிக்க விரும்புகிற நம்மூர்க் கனவான்கள் கவுனை விட்டுவிட்டு அந்த நால்வரைக் காப்பியடித்திருக்கலாம்.

அங்கே தோலின் நிறம் பார்த்தார்கள். இங்கே மடியின் கனம் பார்க்கிறார்கள். மடி மட்டுந்தானா? தென் மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிறு வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கடைசி நாளில் எந்தக் கயிறு எந்தக் கயிற்றோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் என்பதைப் பார்த்தால் ஊரின் லட்சணம் தெரிந்துவிடும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

போடிநாயக்கனூருக்கு வருவோம். இங்கே ஓட்டலும் கவுனும் இல்லை. ஆனால் பிரிவு உபசார விழா உண்டு. அதுவும் வருஷத்துக்கு வருஷம் வீங்குகிறது. வகுப்பில் இத்தனை ரூபாய் வசூல். பெண்கள் எல்லோரும் ஒரே நிறச் சேலை, பையன்கள் ஒரே நிறச் சட்டையும் வேட்டியும். கேக்கு, ஒலிபெருக்கி, உபாத்தியாயருக்கு நினைவுப் பரிசு, சட்டம் போட்ட குரூப் போட்டோ. 'இஷ்டப்பட்டவர்கள் கொடுக்கலாம்' என்றுதான் சொல்லுவார்கள். கொடுக்காத பிள்ளையின் பெயர் ஒரு தாளில் தனியாக நிற்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு பெண். தாயார் ஜீப்பில் மேட்டுக்குப் போய்க் காய் எடுக்கிறவர். தகப்பனார் ஏலக்காய்க் குடோனில் மூட்டை தூக்குகிறவர். வசூல் ஐந்நூறு, சேலை எழுநூறு. தாயாருக்கு அது மூன்று நாள் கூலி; வாரச் சீட்டு கட்டியபின் கையில் நிற்கிற கணக்கில் பார்த்தால் இன்னும் அதிகம். அந்தப் பெண் வீட்டில் கேட்கவே இல்லை. விழா நாளன்று 'காய்ச்சல்' என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் ஒரு நாள்கூடக் காய்ச்சல் என்று லீவு போடாத பெண்! வகுப்பில் கணக்குப் பாடத்தில் முதல் இரண்டு பேரில் ஒருத்தி. குரூப் போட்டோவில் அவள் இல்லை. இருபது வருஷம் கழித்து அந்தப் போட்டோவை எடுத்துப் பார்க்கிற தோழிகள் அவள் நம்மோடு படித்தாளா என்றுகூடச் சந்தேகப்படுவார்கள்.

இது அற்ப விஷயம் என்று நம்மில் சிலரே சொல்லக்கூடும். 'அரிசிக்கே வழியில்லை, ஆட்டம் எதற்கு?' என்று ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். நல்ல மனிதர், முப்பது வருஷம் ரிங் பிரேமில் நின்றவர். அவருக்கு நாம் சொன்னது இதுதான். 1886இல் சிகாகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை மட்டுமா கேட்டார்கள்? எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்கள் இஷ்டம் என்றும் சேர்த்துத்தான் கேட்டார்கள். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றியபோது அதுவும் ஒரு திருநாள்தான். மகிழ்ச்சி முதலாளிக்குப் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அல்ல. இன்னும் சொல்லப்போனால், பள்ளி முடித்ததற்குக் கொண்டாட அதிக உரிமை யாருக்கு? வீட்டு வாசலில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போன பிள்ளைக்கா? விடியற்காலை மூன்று மணிக்குத் தாயார் எழுந்து சோறு பொங்கித் தூக்குச் சட்டியில் அடைத்துக்கொண்டு ஜீப் ஏறிய பிறகு, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்து வைத்து, அப்புறம் பள்ளிக்கு ஓடிய பிள்ளைக்கா?

அந்த ஜீப்பை நம் வாசகர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறதோ அதைப் போல இரண்டு பங்கு ஆட்கள். போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. மேலே பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்கள். மழையில் குனிந்து, அட்டைக்கடியில், தூரின் அடியில் கிடக்கும் சரத்திலிருந்து பழுத்த காயாகப் பார்த்து எடுக்க வேண்டும். அந்தக் காய் ஸ்டோரில் காய்ந்து, போடியிலும் புத்தடியிலும் ஏலத்துக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. அந்த விலை கேட்ட தினத்தில் காய் எடுத்தவளின் வீட்டில் என்ன விசேஷம் நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை.

குடோன்களில் நம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுளகில் காயைத் தட்டித் தரம் பிரிக்கிறார்களே, பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், வெடித்த காய் ஒரு பக்கம். நம் பிள்ளைகளையும் அப்படித்தான் சலிக்கிறார்கள். சலிப்பதற்குச் சட்டமே சல்லடையாக இருக்கிறது. கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் என்று 2009இல் ஒன்று செய்தார்கள். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை என்று எழுதினார்கள். பதினான்கோடு உரிமை முடிந்தது! குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குக் கீழே வேலை கூடாது என்றார்கள். ஆனால் குடும்பத் தொழில் என்றால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் செய்யலாம் என்று ஒரு சந்து வைத்தார்கள். பதினான்கு முதல் பதினெட்டு வரை ஆபத்தான தொழிலுக்கு மட்டுந்தான் தடை. அதாவது, உரிமை எந்த வயதில் முடிகிறதோ அதே வயதில் வேலைவாசல் திறக்கிறது. இரண்டு சட்டத்தையும் எழுதியவர்கள் ஒரே கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1951இல் வந்த அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் இருபத்தைந்து பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குத் தோட்ட முதலாளி கல்வி வசதி செய்து தர வேண்டும் என்று மாநிலச் சர்க்கார் விதி செய்யலாம் என்றது. 'செய்யலாம்!' 'செய்தே தீர வேண்டும்' அல்ல. அதுவும் பன்னிரண்டு வயதோடு சரி. அதிலும் ஒரு தந்திரம் கவனியுங்கள். தினம் ஜீப்பில் ஏறி மேலே போய் மாலையில் இறங்கிவிடுகிற போடித் தாயின் பிள்ளை எந்தத் தோட்டத்துக் கணக்கில் வரும்? உழைப்பு கேரளத்தில், பிள்ளை தமிழ்நாட்டில். மலையின் உச்சியில் ஒரு கோடு கிழித்து இரண்டு பக்கமும் கை கழுவிவிடலாம்.

மலைச்சரிவில் இருக்கிறவர்கள் கதை வேறு. கொட்டகுடி ஊராட்சியில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடம், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் இடம். பெயரைக் கேட்டால் ரயிலே வந்து நிற்கும் போலிருக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலையைக் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கவிட்டு ஆகாய மார்க்கமாகக் கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு வண்டியில் அனுப்பினார்கள். 1924 பெருவெள்ளம் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. பெயர் மட்டும் மிஞ்சிற்று. தேயிலைப் பெட்டிக்கு நூறு வருஷத்துக்கு முன்னே ஆகாயத்தில் வழி போட்டார்கள். அதே மலையில் மனிதப் பிள்ளை ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறது. தேர்தல் வந்தால் இந்தப் பக்கத்து மலைக் கிராமங்களுக்கு ஓட்டுப்பெட்டி குதிரைமேல் ஏறிப் போகிறது. ஓட்டுக்குக் குதிரை உண்டு, படிப்புக்கு இல்லை! மேல்வகுப்புக்கு வருகிற மலைப் பிள்ளை போடியில் விடுதியிலோ உறவுக்காரர் வீட்டிலோ தங்க வேண்டும். தேர்வு முடிந்த அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருட்டுமுன் குரங்கணி சேர வேண்டும். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பிள்ளை பஸ்ஸில் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். 2025இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு மார்ச் 25இல் முடிந்தது. முடிவு மே 8இல் வந்தது. இடையில் நாற்பத்து நான்கு நாள். வருஷா வருஷம் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது கோடை விடுமுறை. சுற்றுலா, அடுத்த தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு. நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த நாற்பத்து நான்கு நாள்தான் தீர்ப்பு நாள். ஏனென்றால் இந்த நாட்களில்தான் ஏஜெண்டு வருகிறான்.

ஏஜெண்டு மீசை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. பக்கத்துத் தெரு அக்காவாகவே வருவதுண்டு. "புள்ள சும்மாத்தானக்கா இருக்கு, ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு மாசம் போயிட்டு வரட்டுமே" என்பாள். ஒரு மாசம்! திண்டுக்கல் பக்கமோ கோவை, திருப்பூர்ப் பக்கமோ ஒரு பஞ்சாலை. மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், சாப்பாடு, போகவர வேன். முன்பணம் கையில் கொடுத்துவிடுவாள். தகப்பனுக்குக் கடன் இருக்கும். பணம் அன்றைக்கே கரைந்துவிடும். மே மாதம் முடிவு வரும். பெண் நல்ல மார்க்கில் தேறியிருப்பாள். அந்தச் செய்தி அவளுக்கு இரவு ஷிப்டு முடிந்து வரும்போது கிடைக்கும். முன்பணம் கழியவில்லை, திரும்பி வர முடியாது. கல்லூரி விண்ணப்பத் தேதி போய்விடும்.

இதற்கு முன்னால் இவர்கள் வைத்த பெயர் 'சுமங்கலித் திட்டம்'. மூன்று வருஷம் அப்ரெண்டிஸ் என்ற பெயரில் வேலை, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நோய் வந்து திரும்பினால் அந்தத் தொகையும் போயிற்று. தாலியின் பெயரால் கூலியைப் பிடித்துவைத்த திட்டம் இது. 2011இல் நெதர்லாந்து ஆராய்ச்சிக்காரர்கள் அதை அறிக்கையாக எழுதி உலகம் முழுவதும் நாறியபின் பெயரை மறைத்தார்கள். கேம்ப் கூலி என்றார்கள், ஹாஸ்டல் தொழிலாளி என்றார்கள். பாட்டில் மாறிற்று, சாராயம் மாறவில்லை. இந்த மில் நூல் பனியனாகிக் கப்பல் ஏறுகிறது. வில்காக்ஸ் வட்டத்துப் பிள்ளை நடன இரவில் போடும் கவுன் எங்கே தைத்ததாயினும் இருக்கட்டும். மறுநாள் காலை போட்டுக்கொள்கிற பனியனில் நம்மூர்ப் பெண்ணின் நூல் இருக்கக்கூடும். அவளுக்கும் வயது பதினேழு, இவளுக்கும் வயது பதினேழு.

மில் தொழிலாளத் தோழர்களே! உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஹாஸ்டல் பெண்கள் வந்ததால்தான் நிரந்தர வேலை போயிற்று, பஞ்சப்படி போயிற்று, சங்கம் தளர்ந்தது என்று சிலர் அந்தப் பெண்களையே கரித்துக் கொட்டுகிறீர்கள். வேலையைப் பறித்தது சைடர் வேலை பார்க்கிற பதினெட்டு வயதுப் பெண் அல்ல. நாலு பேர் கூலியை ஒரு பெண்ணின் ஹாஸ்டல் சோற்றில் மிச்சம் பிடித்த முதலாளி. அவள் வெளியே வந்து யாரிடமும் பேசக் கூடாது என்றுதான் காம்பவுண்டுச் சுவருக்குள் படுக்க வைக்கிறான். அவளைப் பள்ளியிலேயே, அந்த நாற்பத்து நான்கு நாளிலேயே நிறுத்தி வைத்துக் கல்லூரிக்கு அனுப்பினால் அது அவளுக்கு மட்டும் லாபம் அல்ல, உங்கள் கூலிக்கும் காவல்.

பழைய தோழர்களுக்கு நினைவிருக்கும். 1953இல் ராஜாஜி சர்க்கார் அரைநாள் படிப்பு என்று கொண்டுவந்தது. மீதி அரைநாள் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. குலக் கல்வி ஒழிக என்று நாடே திரண்டது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் அந்தத் திட்டம் குப்பைக்குப் போயிற்று. சட்டசபையில் செத்த அந்தத் திட்டத்தை இன்று ஏஜெண்டு தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறான். தாய் காய் எடுத்தால் மகளும் காய் எடு. இல்லையென்றால் மில்லுக்குப் போ. அரைநாள்கூட மிச்சம் வைக்காத குலக் கல்வி இது.

படிக்க வழியே இல்லையா? வழி இருக்கிறது, அதைத்தான் சொல்ல வருகிறோம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கிற்று. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஆயிரம் போதாது என்பது நம் அபிப்பிராயம், இரண்டாயிரமாக்கக் கேட்போம். ஆனால் வருகிற ஆயிரத்தை வாங்காமல் விடக் கூடாது. போடியிலேயே 2012 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இன்னொரு கல்லூரியின் பெயரே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி! ஏலக்காயின் பெயரால் கல்லூரி நிற்கிற ஊரில், ஏலக்காய் எடுத்தவளின் மகள் அதன் வாசலைத் தாண்டித் திண்டுக்கல் வேனில் போக வேண்டுமா?

ஆகவே நம் கோரிக்கைகள் பள்ளிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பிரிவு உபசாரத்துக்கு ஒரு பைசா வசூலிக்கக் கூடாது. சர்க்கார் பணம் கொடுக்கட்டும். பள்ளிச் சீருடைதான் விழா உடை. அன்றைய தினமே ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்லூரி விண்ணப்பம், சாதிச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றும் சரிபார்த்துக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். தேர்வு முடிவு வரும்வரை பள்ளிப் பிள்ளைகளைத் தேடி வருகிற ஏஜெண்டுகளைத் தொழிலாளர் இலாகா ஊருக்குள் விடக் கூடாது.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்கப் போகிறோமா? சங்கக் கிளைகள் இப்போதே செய்யக்கூடியது உண்டு. தேர்வு முடிகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜீப் ஓடாத வீடுகள் அதிகம். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் பட்டியல் எடுக்கட்டும். விழாவுக்குப் போகாமல் 'காய்ச்சல்' என்று படுத்த பிள்ளைகளின் பெயர் முதலில் இருக்கட்டும். ஒரு பொது இடம், ஒரு தப்பு, ஒரு ஒலிபெருக்கி, வீட்டுக்கு ஒரு படி அரிசி, சமையலுக்கு நம் ஆட்கள். பிள்ளைகள் இஷ்டப்படி பாடட்டும், ஆடட்டும். பெரியவர்கள் பிரசங்கம் பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லோரையும் நிறுத்தி ஒரு போட்டோ. ஒரு மூலையில் மேசை போட்டு, கல்லூரி மாணவர் இரண்டு பேர் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உட்காரட்டும். முன்பணம் வாங்கிவிட்ட வீடு எது என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அதைத் திருப்பிக் கட்டக் கிளை என்ன செய்யும் என்று அன்றிரவே முடிவு செய்யுங்கள், மறுவாரம் என்று தள்ளாதீர்கள்.

கொட்டகுடி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன் பிள்ளைகள் அன்று இரவு மலை ஏற முடியாது. போடியிலும் முந்தலிலும் இருக்கிற தோழர்கள் தங்கள் வீட்டில் எத்தனை பெண்கள், எத்தனை பையன்கள் படுக்க இடம் இருக்கிறது என்று கிளைச் செயலாளரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.